இரண்டு வரைவுகளும் ஒரு பேப்பர் கடையும்

அக்காள் மகளும் அண்ணன் மகனும் பினாங்கிலிருந்து பிரிட்டனில் இதழியல் படிக்க விண்ணப்பிக்கிறார்கள். 'ஏன் இந்தப் படிப்பு, நீ என்ன செய்திருக்கிறாய்' என்று கேட்கும் தன்விளக்கத்தை இருவரும் எழுதி என்னிடம் கொடுத்தார்கள். செய்தி மேசையில் கிடந்தவன் என்பதால் சிவப்புப் பேனா தானாகவே கைக்கு வந்துவிட்டது.

மருமகளின் வரைவு 'சிறு வயதிலிருந்தே எனக்கு எழுத்தின் மீது தீராத ஆர்வம்' என்று தொடங்குகிறது. பிறகு பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, மாணவர் தலைவர் பொறுப்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

பையன் 'தமிழ் நேச'னில் தொடங்குகிறான். 1924இல் பிறந்து 2019 பிப்ரவரியில் நின்றுபோன நாளிதழ். தாத்தாவுக்குக் காலைக் காப்பியோடு அதுவும் வேண்டும். லெபோ பாசாரில் ஒரு பேப்பர் கடைக்குப் போய், அதை வாங்கியவர்கள் இப்போது எதை வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறான். இளையோர் படிப்பதில்லை என்ற பதிலை எதிர்பார்த்துப் போனவனிடம் கடைக்காரர், "வாங்கியவர்களே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தம்பி" என்றாராம். தன் எண்ணம் பிசகியதை அவன் மறைக்காமல் எழுதியிருப்பதற்கே நான் மதிப்பெண் போடுவேன். குறையும் உண்டு: ஒரே கடை. இன்னும் இரண்டு பேரைக் கேட்காமல் செய்தி எழுதினால் எங்கள் காலத்தில் தாள் திரும்பி வந்திருக்கும்.

ஆனால் பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களைச் சேர்க்கும் யூகாஸ் (UCAS) அமைப்பின் படிவம் இப்போது மாறிவிட்டது. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, கற்ற பாடங்கள் எப்படித் தயார்படுத்தின, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. பேப்பர் கடை மூன்றாவதற்குப் போக வேண்டும். முதல் கேள்விக்குத் தாத்தா போதும். இரண்டாவதில் பையனிடம் சரக்கே இல்லை.

மருமகள் அங்கேதான் முந்துகிறாள், அவளுக்கே அது தெரியவில்லை. மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம் (STPM) பாடப்பணிக்காகச் சௌராஸ்தா சந்தை வியாபாரிகளிடம் கேள்வித்தாளோடு அலைந்ததை, கடைசிப் பத்தியில் அரை வரியில் புதைத்திருக்கிறாள். யார் பதில் சொல்ல மறுத்தார்கள், பிறகு எப்படிச் சொல்ல வைத்தாள் என்று எழுதினால் பையனின் கடையையே விழுங்கிவிடும்.

உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு, யூபியூ (UPU) என்ற மலேசிய மையச் சேர்க்கை முறை வழியாகப் போனால் கணக்கு வேறு. தகுதிப் புள்ளியில் தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10. அங்கே அவளுடைய சான்றிதழ்க் கோப்புக்கு விலையுண்டு. பையனின் கதைக்கு, நேர்முகத் தேர்வு வைத்தால்தான் வேலை.

நேற்று இரவு இருவரும் திருத்திய படிகளை அனுப்பினார்கள். பையன் இன்னொரு கடைக்கும் போய் வந்திருக்கிறான். அவளுடையதில் சந்தை மேலே ஏறியிருக்கிறது. 'சிறு வயதிலிருந்தே' மட்டும் இன்னும் அசையவில்லை.