ஈரப் பாறையும் போலரைசர் ஃபில்டரும்

கடல் வற்றியதும் வெளிப்படும் பாறைத் தட்டில் நடக்கையில் கரிய களிப்பாறைக்குள் அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் புதைபடிவச் சுருள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கேமராவில் பார்த்தால் ஈரத்தில் படிந்த வானத்தின் வெண்மைதான் மிஞ்சும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன உயிரினம். அதன் ஒவ்வொரு வரியும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காகவே லென்ஸின் முன் திருகிப் பொருத்தி, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பைக் குறைக்கும் 77 மில்லிமீட்டர் வட்டப் போலரைசர் ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். ஓராண்டாக அதை வைத்துப் படமெடுக்கிறேன்.

முதல் முறை வளையத்தைத் திருப்பியபோது, நீர்ப்படலமே உரிந்துவிட்டதுபோல் கல்லின் நிறம் மேலெழுந்து வந்தது. அந்த நொடிக்காகவே இதை வாங்கலாம் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் கோணம் சரியாக அமைய வேண்டும். நீர்ப்பரப்புக்கு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுமையாக அடங்குகிறது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து ஆவணப் படம் எடுக்கும்போது வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. அங்கே கறுப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்து வானத்தை மறைப்பதுதான் வழி. பைரைட் என்னும் பளபளக்கும் இரும்புக் கனிமமாக மாறிய அம்மோனைட்டுகளிடமும் ஃபில்டர் தோற்கிறது. உலோக மினுமினுப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை இந்த ஃபில்டர் விழுங்கிவிடுகிறது; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். முக்காலி இல்லாமல் மாலையில் எடுக்க முடியாது. மாலையை விடவும் முடியாது: தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் ஓட்டின் விலா வரிகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

எனக்கு நேர்ந்த பெரிய இழப்பும் ஒரு மாலையில்தான். அமாவாசையை ஒட்டிய ஆழ்ந்த வற்றம். மற்ற நாள்களில் நீருக்கடியில் கிடக்கும் அடுக்கு வெளியே தெரிந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ஃபில்டரைக் கழற்ற முயன்றேன். மரையில் மணல் புகுந்து அலுமினிய வளையம் லென்ஸோடு இறுகிவிட்டது. பத்து நிமிடம் போராடினேன். அதற்குள் அலை திரும்பிவிட்டது. அடுத்த வற்றத்துக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அது விடியலுக்கு முந்தைய இருட்டில் வரும். படம் எடுக்காமலே கரையேறினேன்.

இப்போது கடலிலிருந்து திரும்பியதும் ஃபில்டரைத் தனியே நன்னீரில் அலசி, மரையை மென்தூரிகையால் துடைத்து, நிழலில் உலர்த்துகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் பித்தளை வளையம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அது அவ்வளவு எளிதில் இறுகுவதில்லை.