பழைய ஃபைபர் போட்டில் உட்காரும் பலகை மாற்றியது: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

சுனாமிக்குப் பிறகு 2005, 2006-ல் கரைக்கு வந்த ஃபைபர் போட்டுகளில் இன்னும் தொழிலுக்குப் போய்வருபவை உண்டு. வெளி ஓடு கெட்டியாக இருக்கும், எஞ்சின் இரண்டு மூன்று மாறியிருக்கும். உள்ளே குறுக்கே கிடக்கும் பலகைகள்தான் முதலில் கைவிடும். அவற்றை மாற்றிப் பல மழைக்காலம் ஓட்டியதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான் இங்கே. அளவெல்லாம் 28 முதல் 30 அடி நீளம், நடுவில் ஐந்தரை அடி அகலம் உள்ள போட்டுக்குச் சொல்வது.

உட்காரும் பலகை என்று பேர்தான். வீட்டு உத்தரம் மாதிரி இரண்டு பக்கச் சுவரையும் பிடித்து நிறுத்துவதுதான் அதன் முக்கிய வேலை. கரையேறும்போது அலை பின்னால் தூக்கும், அணியம் (போட்டின் முன்முனை) மணலில் இடிக்கும், அந்த நொடியில் இரு பக்கமும் விரியப் பார்க்கும். பலகையின் நடுப்பகுதி அதைத் தாங்கிவிடும். அடி விழுவது, பலகை சுவரோடு சேரும் மூட்டில். கடலூர், நாகை மாதிரி அலையில் ஏற்றி இறக்கும் கரைகளில் மூட்டு சீக்கிரம் விடுகிறது. பாக் நீரிணைப் பக்கம் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் போட்டில் மூட்டு தப்பிக்கும், பலகை உள்ளுக்குள் ஊறிக் கெடும். எந்த மரம் போடலாம் என்று ஒரு வாரம் அலைந்துவிட்டு, மூட்டை அரை நாளில் ஒட்டி முடிப்பவர்கள் இரண்டாம் வருடமே திரும்ப கிரைண்டரை எடுக்கிறார்கள்.

மாற்ற வேண்டுமா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டக் டக்’ என்று கேட்கும், ஊறிய இடம் மந்தமாகச் சத்தம் தரும். சுவரோடு சேரும் வளைவில் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு ஓடினால் மூட்டு விடத் தொடங்கிவிட்டது. போல்ட் ஓட்டையிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் கசிந்தால் உள்ளே ப்ளைவுட் அழுகிவிட்டது. பெட்டி மாதிரி அடைத்த இருக்கை என்றால் அடியில் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுப் பாருங்கள். தண்ணீர் சொட்டி நாற்றமும் வந்தால் மேலே ஒட்டுப் போட்டுப் புண்ணியமில்லை, பிரித்தே ஆக வேண்டும்.

பிரிக்கும்போதுதான் பெரிய தப்பு நடக்கிறது. எல்லாப் பலகையையும் ஒரே நாளில் அறுத்து எடுத்தால் போட் விரிந்துவிடும். அரை அங்குலம் விரிந்த ஓட்டில் புதுப் பலகையை அளவெடுத்துப் பொருத்தினால் அந்தக் கோணல் நிரந்தரம், பிறகு எஞ்சின் ஒரு பக்கம் இழுப்பதாகச் சொல்லி மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பழைய டயர் அல்லது மணல் மூட்டை வைத்து நாலு இடத்தில் முட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு பலகைக்கு நேராகவும் மேல் விளிம்பின் அகலத்தை அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். பலகைக்கு முன்னும் பின்னும் ஒரு அடி தள்ளிக் குறுக்கே சட்டம் போட்டு, சி-கிளாம்பால் இறுக்குங்கள். ஒரு பலகையை எடுத்து, புதியதை ஒட்டி, அது காய்ந்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

அறுக்கும்போது சுவரை ஒட்டி அறுக்கக் கூடாது. இரண்டு அங்குலம் விட்டு அறுத்து, மிச்சத்தை 36 நம்பர் டிஸ்க்கால் தேய்த்து இறக்குங்கள். பெயின்ட், ஜெல்கோட் (ஓட்டின் மேல் உள்ள வழவழப்பான பூச்சு) எல்லாம் போய் கண்ணாடி இழை தெரியும்வரை, சுற்றிலும் முக்கால் அடி தேய்க்க வேண்டும். பளபளப்பு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே புது ரெசின் (கண்ணாடி இழையை நனைத்து இறுக வைக்கும் பிசின்) பிடிக்காது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, தேய்த்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரவு முழுக்க விடலாம். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாசி, பங்குனிதான் தோது. தடைக்காலத்தில் விசைப்படகு நின்று மீனுக்கு விலை ஏறும்போது ஃபைபர் போட்டைக் கரையில் போட யாருக்கும் மனசு வராது.

இனி, பலகை வகை. வேம்பு, மா போன்ற கைக்குக் கிடைத்த மரப் பலகை மலிவுதான், ஆனால் போல்ட் ஓட்டையிலிருந்து வெடிப்பு ஓடுகிறது. ஒன்றரை அங்குல அயினி மரப் பலகை நன்றாக உழைக்கிறது. அதை ஃபைபரால் மூடாமல், சுவரில் ஒட்டிய தாங்கு கட்டை மேல் 10 மில்லி போல்ட்டால் பக்கத்துக்கு இரண்டாக இறுக்கினால் வலை அடைக்கும் நாளில் கழற்றியும் வைக்கலாம். ப்ளைவுட் அல்லாத அறுத்த மரத்தைப் பாலியெஸ்டர் ரெசினால் போர்த்துவது மட்டும் உருப்படாது. மரம் வெயிலிலும் ஈரத்திலும் சுருங்கி விரியும், ரெசின் கூட வராது, தோல் தனியாக உரியும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் இது இன்னும் மோசம், எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசின் போட்டால்தான் ஓரளவு பிடிக்கும்.

பெரும்பாலான போட்டுக்குச் சரியான தேர்வு 18 மில்லி மரைன் ப்ளைவுட்டை ஃபைபரால் முழுக்க மூடுவது. ஐஎஸ் 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு) முத்திரை பார்த்து வாங்குங்கள். கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லிக் கொடுக்கும் சாதா ப்ளைவுட் ஒரு மழைக்காலம் கழித்துப் புத்தகம் மாதிரி பிரிகிறது. இதில் கவனம் வேண்டியது ஓரங்களில். கூர்மையான மூலையில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மடங்காது, அடியில் காற்று நிற்கும், அங்கேதான் தண்ணீர் முதலில் நுழையும். ஓரத்தை விரல் மொத்தத்துக்கு உருட்டித் தேய்த்து, ஸ்டைரீன் கலந்து இளக்கிய ரெசினை அறுத்த முகப்புகளில் இரண்டு தடவை குடிக்க விடுங்கள். போல்ட் ஓட்டை போட வேண்டுமென்றால் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்ஸி புட்டியால் அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட் எங்குமே மரத்தைத் தொடாது. போல்ட் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகின் ஒரு வகை) ஆக இருக்கட்டும். 304 வெளியில் பளிச்சென்று இருக்கும், காற்றுப் படாத உள்பகுதியில் அரித்திருக்கும்.

ஐந்தரை அடி நீளம், 28 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகைக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஏறக்குறைய 1.2 கிலோ, சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) 600 கிராம், சேதாரம் சேர்த்து ரெசின் நாலரை கிலோ ஆகும். மேல், கீழ் இரண்டிலும் மேட், ரோவிங், மேட் என்று மூன்று அடுக்கு. முடித்த பலகை 10, 11 கிலோ வரும், அயினிப் பலகையின் எடையும் கிட்டத்தட்ட அதுவேதான். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், ரெசின் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர். காலையில் கூடுதல் அளவு, வெயில் ஏறினால் குறைந்த அளவு. ஒரே நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம், வாளியிலேயே சூடேறிப் புகைந்துவிடும். ஆக்சிலரேட்டரையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாதவரைக் கிட்டவே விடாதீர்கள்.

மூட்டுக்கு வருவோம். பலகை முனை சுவரை முட்டக் கூடாது. 5 முதல் 10 மில்லி இடைவெளி விட்டு, அதில் புட்டியைத் திணித்து, மேலும் கீழும் கட்டை விரலால் இழுத்த மாதிரி வளைவு கொடுங்கள். முட்டிய பலகை ஒவ்வொரு அலைக்கும் சுவரை ஒரே கோட்டில் குத்தும், வெளியே ஜெல்கோட்டில் நெட்டுக் கீறல் விழும். புட்டி இறுகி, முழுதாகக் காயும் முன் மேட் பட்டைகளைப் போடுங்கள்: முதலில் 10 சென்டிமீட்டர் அகலம், அடுத்தது 15, கடைசி 20. பாதி பலகை மேல், பாதி சுவர் மேல். எல்லாப் பட்டையையும் ஒரே அகலத்தில் வெட்டினால் அவை முடியும் இடத்தில் படி மாதிரி ஒரு விளிம்பு நிற்கும், அடுத்த கீறல் அங்கிருந்துதான் கிளம்பும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் இதே கதைதான். குனிந்து, தலைகீழாக ரோலர் ஓட்ட வேண்டும், ரெசின் முழங்கை வழியாக ஒழுகும். அதனாலேயே போட் வேலை செய்யும் பல யார்டுகளில் அடியை விட்டுவிடுகிறார்கள். வேலையை வாங்கிக்கொள்ளும்போது பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பெட்டி இருக்கை என்றால் உள்ளே என்ன அடைப்பது என்ற கேள்வி வரும். போட் கவிழ்ந்தால் ஆளைக் காப்பது அதுதான். 140 லிட்டர் பெட்டி ஏறக்குறைய 135 கிலோவை மிதக்க வைக்கும். தெர்மாகோல் எளிது, ஆனால் ரெசின் பட்டால் கரையும், பெட்ரோல் பட்டாலும் கரையும். எஞ்சின் பக்க இருக்கையில் அடைத்துவிட்டுச் சில வருடம் கழித்துத் திறந்தால் பெட்டி பாதி காலியாக இருக்கும். இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் நல்லது, மூன்று தவணையாக ஊற்ற வேண்டும், மேலே காற்றுத் துளை வேண்டும். மொத்தமாக ஊற்றினால் பொங்கிப் பெட்டியையே பிளக்கும். அதுவும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பார்த்தால் வருடக்கணக்கில் மெல்ல ஊறும், ஊறியதைச் சுரண்டி எடுப்பது நரக வேலை.

கேலியாகத் தெரியும், ஆனால் பெட்டிக்குள் அடைக்க எங்கள் ஓட்டு காலி பாட்டிலுக்குத்தான். குளிர்பான பாட்டிலாக இருக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் மெல்லிசு. விடியற்காலையில் மூடியை இறுக்குங்கள். மத்தியான வெயிலில் மூடியது கடல் தண்ணீரில் குளிர்ந்ததும் சப்பிப்போகும். பெட்டியின் பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு திருகு மூடியும் அடியில் ஒரு வடிகால் அடைப்பானும் வைத்துவிட்டால், மாதம் ஒரு தடவை கரையில் கிடக்கும்போது அடைப்பானைத் திறந்து பார்க்கலாம். ஒரு குவளைக்கு மேல் தண்ணீர் வந்தால் மூட்டில் எங்கோ கீறல் இருக்கிறது, மறுபடி நாணயத்தை எடுக்க வேண்டும்.