ஓடிஜி-யும் கிழங்கும்: நாலு வருசம் ஆச்சு, அந்த டைமர்தான்...

பாறசாலைல இருக்க சித்தி மவ நேத்து போன் பண்ணி, அண்ணே நீங்க வச்சிருக்க அதே ஓடிஜி, அதான் கறண்டுல சுடுற அந்த சின்ன அவன், இப்ப ஆயிரம் ரூவா கொறஞ்சு கெடக்கு வாங்கட்டான்னு கேட்டா. நல்ல நேரம் பாத்து கேட்டா. அன்னைக்கு மத்தியானந்தான் மார்த்தாண்டத்துல அதுல சூடாக்குற கீழ் ராடு மாத்தி 750 ரூவா அழுதுட்டு, ஓடிஜிய மடில வச்சு ஆட்டோல வந்து எறங்கிருந்தேன்.

28 லிட்டர், ரெண்டு ராடு, 250 டிகிரி வரை போவும், அதெல்லாம் டப்பாலயே போட்ருக்கும். வாங்கினது கேக்குக்கு. கேக் மொத்தம் ரெண்டு தடவ, ரெண்டாவது தடவ நாயே திங்கல. அப்புறம் கிழங்குதான், வாரத்துக்கு மூணு நாளாவது.

சேனைய ஒரு இஞ்சு துண்டா வெட்டி மஞ்சளும் உப்பும் போட்டு அரவேக்காடா வேவிச்சு தண்ணிய வடிச்சுருவேன், இல்லன்னா தொண்ட அரிக்கும். அப்புறம் துணில பரத்தி ஈரம் போக விடணும். எங்கம்மா இதுக்கு சிரிப்பா, ஆனா ஈரம் இருந்தா அது மொரியாது, ஆவில வேவும் அவ்வளவுதான், ட்ரேல நெருக்கி அடுக்கினாலும் அதே கததான். ரெண்டு ஸ்பூன் தேங்காண்ணெ, நல்லமிளகு, 200 டிகிரி, நாப்பது நிமிசம், நடுவுல ஒருக்கா பெரட்டி விடணும். கஞ்சிக்கும் பயறுக்கும் தொட்டுக்க இது இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம். பொங்கல் சமயத்துல வர்ற சிறுகிழங்கு இன்னும் மேல, சாக்குல போட்டு தேச்சு தோல் போக்கி கை கறுத்துப் போற பாடு இருக்கு, ஆனா வெளிய மொறுமொறுன்னு உள்ள மாவா வரும் பாருங்க, அந்த பாடு மறந்துரும்.

மரச்சீனிய, அதான் மரவள்ளிக் கிழங்க, மட்டும் பச்சையா உள்ள வச்சுராதீங்க, வேவிச்சு தண்ணிய ஊத்திட்டுதான் வைக்கணும், வெசம் உண்டு அதுல. விசாகம் திருநாள் மகாராஜா காலத்துலதான் திருவிதாங்கூர்ல அது நல்லா பரவுச்சுன்னு சொல்லுவாவ, எங்க கன்னியாகுமரி பக்கமும் அன்னைக்கு அங்கதான, 1956-ல தமிழ்நாட்டோட சேந்தாலும் மீன் கொழம்புக்கு மரச்சீனி இல்லாம நமக்கு எறங்காது.

செரி, டைமர். திருவி விடுற டைமர், முறுக்குன ஸ்பிரிங்ல ஓடுறது, கறண்டுக்கும் அதுக்கும் சம்மந்தமே கெடையாது. கறண்டு போனா ராடு ஆறிப் போவும், டைமர் பாட்டுக்கு டிக் டிக்னு ஓடிட்டு இருக்கும், ஓடி முடிச்சு டிங்னு ஒரு மணி வேற. எங்களுக்கு ஆனிலயும் மழை ஐப்பசிலயும் மழை, மழை வந்தா கறண்டு போறதும் வர்றதுமா இருக்கும், நாம மாடில துணி எடுக்க போயிருப்போம், டிங் கேட்டு வந்து தொறந்தா சேனை அப்படியே வெளிறிப்போய் பாத்துட்டு கெடக்கும். எத்தன நிமிசம் சூடு இருந்துச்சு எத்தன நிமிசம் இல்லன்னு எந்த கணக்கும் கெடையாது, மறுபடி வச்சா ஓரம் கரிஞ்சு நடு வத்திப் போவும். நாலு வருசமா இதான். போன்ல அலாரம் வச்சும் பாத்தாச்சு, அதுக்கு மட்டும் கறண்டு போனது தெரியுமா என்ன.

இதத் தவிர ஒரு கொற சொல்ல முடியாது. கதவு கண்ணாடி கீறல் இல்ல, ராடு மாத்துனது இதான் மொத தடவ, கறண்டு பில்லும் நான் பயந்த அளவு ஏறல. சித்தி மவகிட்ட வாங்காதேன்னு சொல்லிட்டேன். 750 ரூவா எரிச்சலா கூட இருக்கலாம், இருந்தாலும் வாங்காதேன்னா வாங்காதேதான்.

ராத்திரி கஞ்சிக்கு சேனை வெட்டி துணில பரத்தி இருக்கு. தெக்க இருட்டிட்டு வருது, கறண்டு இருக்கும்போதே உள்ள ஏத்திரணும்.