வட்டம் எப்போது உருண்டையாகிறது? கதாபாத்திர வடிவமைப்பு இணைய வகுப்பு ஒன்றின் மதிப்புரை

கதாபாத்திர வடிவமைப்பைக் கற்பிக்கும் இணைய வகுப்பு ஒன்றில் 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்து, அதன் 14 பாடங்களையும் பயிற்சிகளோடு முடித்திருக்கிறேன். தமிழில் நாம் பொதுவாக எல்லாவற்றையும் 'வடிவம்' என்று சொல்லிவிடுகிறோம்; ஓவியர்களோ தாளில் நீள அகலத்தோடு மட்டும் நிற்கும் உருவை ஷேப் என்றும், அதற்குப் பருமன் சேர்ந்து எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கத்தக்கதாகும்போது ஃபார்ம் என்றும் பிரிக்கிறார்கள். முன்னதை இங்கே வடிவம் என்றும் பின்னதைத் திரட்சி என்றும் குறிப்பிடுகிறேன். இவ்விரண்டுக்கும் உள்ள உறவே பாடப்பொருள் என்று அறிவித்துக்கொள்ளும் இந்த வகுப்பு, வடிவத்தை நிதானமாகவும் திரட்சியை அவசரமாகவும் நடத்துகிறது.

வட்டம் கனிவைக் காட்டும், சதுரம் உறுதியைக் காட்டும், முக்கோணம் ஆபத்தைக் காட்டும் என்ற பழகிய வாய்பாட்டோடுதான் தொடக்கப் பாடங்கள் நகர்கின்றன. 2009இல் வெளியான 'அப்' அனிமேஷன் படத்தில் முதியவர் கார்லின் முகமும் கண்ணாடியும் நாற்காலியும் சதுரமாகவும், அவர் மனைவி எல்லியின் நாற்காலி வளைவாகவும் இருப்பதை ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார். வாய்பாட்டைவிட எனக்குப் பயன்பட்டது நிழலுருப் பயிற்சி. வரைந்த உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பி, உள்கோடு எதுவும் இல்லாமலே ஆளை அடையாளம் காண முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். என் படங்களில் பாதி, கைகள் உடம்போடு ஒட்டிப்போய், அடுப்பங்கரை மூட்டைகளைப் போலத் தெரிந்தன.

வகுப்பின் உச்சம் ஒன்பதாம் பாடம். 1928இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸ் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும், அதன் காதுகள் பெரும்பாலும் இரண்டு முழு வட்டங்களாகவே வரையப்படுகின்றன. உண்மையான திரட்சி உள்ள காதாக இருந்தால், தட்டையான காது பக்கவாட்டில் கோடாக மெலிய வேண்டும். உருண்டையான காது என்றால் ஒன்று மற்றொன்றை மறைக்க வேண்டும். ஓவியத்தில் இந்தப் பொய்யை நாம் ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் அதே மிக்கியைப் பொம்மையாகச் செய்பவர் காதை எங்காவது ஓரிடத்தில் ஒட்டியே ஆகவேண்டும். ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் தெசுகா ஒசாமு படைத்த ஆஸ்ட்ரோ பாய் என்ற சிறுவன் ரோபோவின் தலையில் எந்தக் கோணத்திலும் தெரியும் இரண்டு மயிர்க்கூர்களும் இதே சங்கதிதான். திரட்சியின் விதியை எங்கே மீறினால் பாத்திரத்தின் அடையாளம் காப்பாற்றப்படும் என்று இந்த அரைமணி நேரத்தில் விளங்கிய அளவுக்கு எனக்கு வேறெங்கும் விளங்கியதில்லை.

இதற்குப் பின் பாடங்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஒரே பாத்திரத்தை முன்புறம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்புறம் என்று வரைந்து காட்டும் டர்ன்அரவுண்டுக்கு ஒரே ஒரு பாடம். இரவுக் காவலர் ஒருவரைச் சதுர மார்போடு வரைந்திருந்தேன். முன்னிருந்து பார்த்தால் கதவை அடைத்து நிற்கும் ஆள், பக்கவாட்டில் திருப்பியதும் பரணில் சாய்த்து வைத்த பலகை. சதுரம் என்றால் பெட்டியா, பலகையா, உருளையா என்பதை நான் முடிவு செய்யவே இல்லை என்பதுதான் பிழை. முன்பக்கப் பார்வையில் உருளையும் சதுரமாகவே தெரியும் என்ற எளிய செய்தியைக்கூடப் பாடம் சொல்லவில்லை. படத்தை அனுப்பியபோது, 'நிழலுரு நன்று' என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது.

டிஸ்னி நிறுவனத்தில் ஜோ கிரான்ட் தலைமையில் இயங்கிய பாத்திர மாதிரித் துறை, 1940இல் வெளிவந்த 'பினோக்கியோ'வுக்காகப் பாத்திரங்களைச் சிறு சிற்பங்களாகச் செய்து அனிமேட்டர்களின் மேசையில் வைத்தது. தாளில் வரைபவருக்கே கையில் திருப்பிப் பார்க்க ஓர் உருவம் தேவைப்பட்டது என்னும் இந்த வரலாற்றுக்கு வகுப்பு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. நான் கடையில் 60 ரூபாய்க்குக் களிமண் வாங்கி, காவலரின் மார்பை உருளையாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்த பிறகுதான் பக்கவாட்டுப் படம் சரியாக வந்தது. தொப்பை ஒன்றும் தானாக முளைத்தது.

வரையத் தெரிந்து, பாத்திரங்கள் எல்லாம் ஒரே சாயலில் வருகின்றன என்று தவிப்பவர்களுக்குக் கட்டணம் தகும். முப்பரிமாண மாடலிங்குக்கு ஆயத்தமாகிறவர்கள் ஒன்பதாம் பாடத்தை மட்டும் தனியே விற்கும் வரை காத்திருக்கலாம்.