42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கிட்னி டாக்டரிடம் அனுப்பாத கிளினிக்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடப் போவதில்லை. சர்க்கரை நோய்க்கு மட்டும் என்று போர்டு வைத்து, வருட பேக்கேஜ் விற்கிற தனியார் கிளினிக். அப்பாவுக்காக இரண்டு வருடத்தில் 42,000 ரூபாய் கட்டினோம்.

சேர்ந்த அன்று அங்கிருந்த டாக்டர் அப்பாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஐயா, கண்ணு, காலு, கிட்னி எல்லாம் இனி எங்க பொறுப்பு. தேவைப்பட்டா ஸ்பெஷலிஸ்ட்கிட்டயும் நாங்களே அனுப்பிருவோம்" என்றார். அதுவரை எந்த டாக்டரும் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை. "கட்டிருப்பா" என்றார் அப்பா. கட்டினேன்.

டெஸ்ட் எடுப்பதில் குறையே இல்லை. ஈஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் நம்பர், இறங்கினால் கிட்னி கெடுகிறது என்று அர்த்தம்) முதலில் 52, அப்புறம் 41, அப்புறம் 29. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு (சிறுநீரில் வரும் ஒரு கழிவு) 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 640. லேப்காரர்களே தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். கேட்டால், "வயசானா இதெல்லாம் சகஜம் சார்". கால் வீங்குகிறதே என்றால், "உப்பைக் குறைங்க".

வயிறு எரிவது எதற்கென்றால், இடையில் சர்க்கரை தானாக இறங்க ஆரம்பித்தது. அடிக்கடி லோ சுகர். இன்சுலினைக் குறைத்துவிட்டு, அப்பாவைப் படம் பிடித்து 'சாதனையாளர்' என்று வரவேற்பறையில் மாட்டினார்கள்! கிட்னி கெட்டுப்போனால் இன்சுலின் உடம்பிலேயே அதிக நேரம் தங்கிவிடும், சர்க்கரை இறங்க அதுவும் ஒரு காரணம் என்று அரசு மருத்துவமனை சிறுநீரகப் பிரிவில்தான் எனக்குச் சொன்னார்கள். அதற்குள் ஈஜிஎஃப்ஆர் 18. ஃபைலைப் புரட்டிய டாக்டர், "இந்த 640 வந்தப்பவே அனுப்பியிருக்கணுமே" என்றார். இப்போது டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷனில் இணைப்பது) போடப் பேசுகிறார்கள். அது பக்குவப்பட வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் நிலைமை மோசமானால் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ்.

42,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கப் போனேன். டாக்டர் கான்ஃபரன்ஸில் இருக்கிறாராம். மேனேஜர் என்று ஒருவர் வந்து, "ரெஃபரல் உங்க பேக்கேஜ்ல கவர் ஆகாது சார், பிளாட்டினத்துலதான் வரும்" என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கப் பிளாட்டினமா? வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் ஒரு மெசேஜ் வந்தது: பேக்கேஜைப் புதுப்பித்தால் பத்து சதவீதம் தள்ளுபடி.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சர்க்கரை இருப்பவர்கள் வருடா வருடம் ஈஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின் இரண்டையும் பாருங்கள். 'நார்மல்' என்றால் விடாதீர்கள், நம்பரைக் கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனாலோ, மளமளவென்று இறங்கினாலோ, அல்புமின் 300க்கு மேலேயே நின்றாலோ, யார் சீட்டுக்கும் காத்திருக்காமல் நேரே சிறுநீரக டாக்டரிடம் போங்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். 42,000 ரூபாயை எந்த பேக்கேஜிலும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். ரிப்போர்ட் ஒரிஜினல் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். எங்களுடையதில் பாதியை அவர்கள் இன்னும் தரவில்லை.