எல்298என் மோட்டார் டிரைவர்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

என் சின்ன ரோபோவில், மோட்டாரின் திசையையும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் எல்298என் போர்டை மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, புரோகிராம் ஓடும் சின்ன கட்டுப்பாட்டு போர்டான ஆர்டுயினோ ஊனோ ஒன்று, தொடராக இணைத்த 18650 லித்தியம் பேட்டரி இரண்டு. அதே போர்டு இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் முதல் சில மாதங்களில் மூன்று தடவை "போர்டு போச்சு" என்று கழற்றி வைத்திருக்கிறேன். மூன்று தடவையும் போர்டில் பழுதே இல்லை.

முதல் தடவை, கிரவுண்ட், அதாவது மைனஸ் முனை. ஆர்டுயினோவுக்கு யூஎஸ்பி, மோட்டாருக்குப் பேட்டரி என்று பிரித்துக் கொடுத்திருந்தேன். இரண்டின் கிரவுண்டையும் சேர்க்கவில்லை. சக்கரம் நடுங்கியதே தவிர சுற்றவில்லை. ஒரே ஒரு வயரில் சரியானது.

அடுத்தது என்னை ஒரு வாரம் படுத்தியது. ரோபோ நேராக நன்றாகப் போகும். முன்னால் போவதிலிருந்து சட்டென்று பின்னால் திருப்பினால் ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடும். புரோகிராமை வரிவரியாகச் சலித்துப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரி வரும் டெர்மினலில் பிடித்துக்கொண்டே ரோபோவைத் திருப்பினேன். 7.6 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது, திருப்பிய நொடியில் ஆறுக்குக் கீழே விழுந்து மீண்டது. ஆர்டுயினோவுக்கான 5 வோல்ட்டை போர்டிலேயே உள்ள ரெகுலேட்டரிலிருந்து எடுத்திருந்தேன். உள்ளே ஏறக்குறைய 7 வோல்ட் வந்தால்தான் அது 5 வோல்ட்டை ஒழுங்காகத் தரும். ஓடும் மோட்டாரை எதிர்த்திசையில் திருப்பும்போது அது இழுக்கும் கரண்ட், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுப்பதைவிடவும் அதிகம். பேட்டரி ஹோல்டரின் ஸ்பிரிங்கும் மெல்லிய வயரும் அதைத் தாங்கவில்லை. வயரைத் தடிமனாக்கினேன், ஆர்டுயினோவுக்குத் தனியாக ஒரு பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சின்ன போர்டு) வைத்தேன், திசை மாற்றும் முன் கால் நொடி நிறுத்தும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். அதன்பிறகு ஒரு தடவைகூட ரீசெட் ஆகவில்லை. வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுப்பவர்கள் போர்டின் 5 வோல்ட் ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) கழற்றாமல் அந்த டெர்மினலில் இணைக்கவே கூடாது. ஜம்பர் இருக்கும்வரை அது வெளியே தரும் முனை.

மூன்றாவது விசித்திரமானது. சென்சாரைத் திருப்ப ஒரு செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) சேர்த்த அன்றே இடது சக்கரம் நின்றுபோனது. வேகம் 255 கொடுத்தால் ஓடுகிறது, 150 கொடுத்தால் அசையவில்லை! போர்டின் அந்தப் பக்கம் செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஊனோவில் செர்வோ லைப்ரரியைச் சேர்த்தாலே 9, 10 பின்களில் பிடபிள்யூஎம், அதாவது வேகமாக ஆன்-ஆஃப் செய்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி, போய்விடும். செர்வோ எந்தப் பின்னில் இருந்தாலும் இதுதான் கதி. 255 என்றால் பின் முழுவதுமாக ஆன் ஆகிவிடும், பிடபிள்யூஎம் தேவையே இல்லை, அதனால்தான் அப்போது மட்டும் ஓடியது. அந்தச் சக்கரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎன்ஏ வயரை 9-ஆம் பின்னிலிருந்து 5-க்கு மாற்றினேன், தீர்ந்தது.

போர்டின் மேல் எனக்கு உண்மையான குறை ஒன்றுதான். உள்ளே இருப்பது பழைய வகை டிரான்சிஸ்டர்கள். பேட்டரியில் 7.6 இருக்கும்போது மோட்டார் முனையில் 5.8 தான் அளந்தேன். மிச்சமெல்லாம் ஹீட்சிங்க்கில் சூடாகப் போகிறது. 12 வோல்ட் மோட்டாருக்கு இது பெரிய விஷயமில்லை; இரண்டு செல்லில் ஓடும் சின்ன ரோபோவுக்கு நிச்சயம் இழப்பு. அதனால் அடுத்த ரோபோவுக்கு டிபி6612எஃப்என்ஜி என்ற வேறொரு மோட்டார் டிரைவர் வாங்கினேன். உள்ளே இருப்பது மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் என்பதால் இழப்பு மிகக் குறைவு, தொட்டால் சூடே தெரிவதில்லை. ஆனால் தொடர்ந்து தாங்குவது ஒரு சேனலுக்கு 1.2 ஆம்பியர்தான், கனமான மோட்டாரை அதில் மாட்ட வேண்டாம். எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) பின்னை 5 வோல்ட்டோடு இணைக்க மறந்தால் எதுவுமே அசையாது. நான் மறந்தேன். ஆனால் இந்தத் தடவை போர்டைக் கழற்றவில்லை, முதலில் மீட்டரைத்தான் எடுத்தேன்.