பிரசவ அறைப் பணியாளர்களுக்கான எச்.ஐ.வி. பயிற்சி: கலந்துகொண்ட செவிலியரின் மதிப்பீடு

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. குறித்து நடத்தப்படும் பணியிடைப் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கை குலுக்கினால் பரவாது, கொசு கடித்தால் பரவாது என்று திரையில் வரிசையாகப் படங்கள் ஓடும். இடையில் தேநீர் வரும். மாலையில் சான்றிதழ் கையில் கிடைக்கும். மறுநாள் வார்டில் எதுவும் மாறியிருக்காது. எங்கள் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனம் மகப்பேறுப் பிரிவினருக்கென்றே வடிவமைத்து நடத்திய இரண்டு நாள் பயிற்சி இந்த வழக்கத்திலிருந்து விலகியிருந்தது. லேபர் வார்டில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் செவிலியர் என்ற முறையில், தங்கள் மருத்துவமனைக்கு இத்தகைய பயிற்சியை அழைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நாள் நிகழ்ச்சி மிகச் சிறப்பு. இரண்டாம் நாளில் பாதி வீண். பயிற்சிக்கு யாரை அழைப்பது என்பதில் நடத்தியவர்கள் கோட்டைவிட்டார்கள்.

இந்தப் பயிற்சியின் முதல் நல்ல அம்சம், எங்கள் பயத்தை அவர்கள் கேலி செய்யவில்லை என்பது. புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு ‘தொட்டால் பரவாது’ என்று சொல்வது எளிது. பிரசவ அறையிலோ பனிக்குடம் உடைந்து முகத்தில் தெறிக்கும். குழந்தை வெளியே வர வழியை அகலப்படுத்தக் கத்தரி போட்ட இடத்தைத் தைக்கும்போது வளைந்த ஊசி விரலுக்கு மிக அருகில் வரும். நஞ்சுக்கொடி வெளியேறும்போது முழங்கைவரை இரத்தம் படும். அங்கே நிற்பவருக்குப் பயமே கூடாது என்று உபதேசிப்பதில் பயனில்லை. பயிற்சியாளர் அதை ஒப்புக்கொண்டு, பயத்தின் அளவை எண்களால் காட்டினார். எச்.ஐ.வி. கலந்த இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி விஷயத்தில் அதே ஊசியால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம்வரை போகக்கூடும். எச்.ஐ.வி. என்று தெரிந்தவுடன் இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொள்ளும் நாங்கள், பரிசோதனை முடிவே வராத பெண்ணுக்கு ஒற்றைக் கையுறையோடு, சில சமயம் கண்ணாடியோ ஏப்ரனோ இல்லாமல், பிரசவம் பார்க்கிறோம். எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்ற விதி நோயாளியின் மனம் நோகாமலிருக்க மட்டும் வந்ததல்ல, அது எங்கள் உயிருக்கான விதி என்பது அந்த ஒப்பீட்டுக்குப் பின்னர்தான் பலருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து, எங்களிடம் கருத்து எதுவும் கேட்காமல், எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண் வலியோடு வாசலில் இறங்குவது முதல் குழந்தையோடு வீட்டுக்குப் போவதுவரை எங்கள் வார்டில் உண்மையில் என்னென்ன நடக்கிறது என்று சார்ட் தாளில் எழுதச் சொன்னார்கள். கேஸ் ஷீட்டின் மேல் முனையில் சிவப்பு மையில் ஒரு குறி; கழிவறைக்குப் பக்கத்திலுள்ள கடைசிக் கட்டில்; சிசேரியன் என்றால் அன்றைய பட்டியலில் கடைசி இடம்; உள்பரிசோதனைக்கு இருப்பதிலேயே இளைய செவிலியரை அனுப்புவது; மருத்துவர் வருமுன்பே ஆயாவுக்குச் செய்தி போய்விடுவது. தாள் நிரம்பியபோது அறை அமைதியாகிவிட்டது. இவற்றில் எதையும் யாரும் வெறுப்பினால் செய்வதில்லை. இதுதான் முறை என்று நினைத்துச் செய்கிறோம்.

அந்தப் பட்டியலில் முதலில் விடுபட்டு, பயிற்சியாளர் கேட்ட பிறகே சேர்ந்தது ‘மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை’. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, குழந்தையின் தலை இறங்கியிருக்கிறது, இதயத் துடிப்பில் குறை எதுவும் இல்லை; ஆனாலும் எச்.ஐ.வி. என்ற ஒரே காரணத்துக்காகச் சீட்டு எழுதி 108 வண்டியில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தச் சீட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. கடுஞ்சொல்லோ முகச்சுளிப்போ இல்லாமல், ஆவணத்தில் எந்தக் குறையும் தெரியாமல் ஒரு பெண்ணை ஒதுக்குவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது. வேறு எந்தப் பயிற்சியிலும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

முதல் நாள் பிற்பகலில் நடந்த ஒத்திகைதான் பயிற்சியின் உயிர். நார்வேயின் லேர்டால் நிறுவனம் தயாரிக்கும் மாமாநாட்டலி என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். பங்கேற்பாளர்களில் ஒருவர் அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார். உள்ளே குழந்தை பொம்மை, தொப்புள்கொடி, நஞ்சு, சிவப்புச் சாயம் கலந்த நீர் எல்லாம் இருக்கும். இரத்தப்போக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். சாதாரண பொம்மைக்குப் பிரசவம் பார்க்கும்போது கைத்திறனை மட்டுமே பழகலாம். இங்கே கட்டிலில் இருப்பவர் பேசுவார், கத்துவார், கையைப் பிடித்துக்கொள்வார். ஆகவே நாம் பேசும் விதமும் ஒத்திகைக்குள் வந்துவிடுகிறது. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ பகுதியில் இதே நோக்கத்துக்காக உருவாக்கப்பட்ட பயிற்சியும் இப்படி நடித்துப் பழகும் முறையையே அடிப்படையாகக் கொண்டது என்று பயிற்சியாளர் குறிப்பிட்டார்.

எங்களுக்குக் கொடுத்த காட்சி இது: இரவு இரண்டு மணி, கர்ப்ப காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளாத பெண், விரலில் குத்திப் பார்த்த சோதனையில் ரியாக்டிவ், அதாவது எச்.ஐ.வி. இருக்கக்கூடும் என்று வருகிறது, உடன் மாமியார். குழந்தை வெளியே வந்ததும் சிவப்பு நீர் பீய்ச்சியடிக்க, பிரசவம் பார்த்த செவிலியர் தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கி, “இரும்மா, கிளவுஸ் மாத்திட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முடிந்த பிறகு பயிற்சியாளர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கருவியைக் கட்டியிருந்த செவிலியரிடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். “அவங்க திரும்பி வருவாங்களான்னு இருந்துச்சு” என்றார் அவர். இத்தனைக்கும் இருவரும் ஒரே ஷிப்டில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். இரண்டாவது முறை அதே காட்சியை நடித்தபோது, கண்ணாடி, ஏப்ரன், கையுறை எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டுக்கொண்டதால் பின்வாங்கத் தேவையே ஏற்படவில்லை.

மாமியார் பாத்திரத்தைச் சேர்த்தது நுட்பமான யோசனை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த உறவினருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறந்த குழந்தைக்குத் தொற்று வராமலிருக்க நெவிரபின் சிரப் கொடுக்க வேண்டும். இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடையென்றால் நாளொன்றுக்கு 1.5 மில்லி, குறைந்தது ஆறு வாரம். “சிஸ்டர், பக்கத்துக் கட்டில் புள்ளைக்கு இல்லாத மருந்து எம்பேரப் புள்ளைக்கு மட்டும் எதுக்கு?” என்று மாமியாராக நடித்தவர் கேட்டதும் எங்களில் பலர் தடுமாறினோம். சத்து மருந்து என்று சொல்லிவிடலாமே என்றார் ஒருவர். பொய் சொல்லிவிட்டால், வீட்டில் ‘சத்து மருந்துதானே’ என்று அதை நிறுத்திவிடுவார்கள் என்று பயிற்சியாளர் மறுத்தார். குழந்தைக்கு டாக்டர் எழுதிய மருந்து, விவரத்தைத் தாயிடம் சொல்லியிருக்கிறோம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது; முதல் வேளை மருந்தை எடை பார்க்கும் இடத்தில், எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் வைட்டமின் கே ஊசியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது; வீட்டில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தாயிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது என மூன்றையும் நடித்தே பழக்கினார்கள்.

மருத்துவப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், முறையான கூட்டு மருந்து சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும், எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கலாம் என்பன சரியாகச் சொல்லப்பட்டன. ஆனால் திரையில் ஓடிய சில பக்கங்கள் தாய்க்கு ஒற்றை வேளை நெவிரபின் மட்டும் கொடுத்த பழைய காலத்தைச் சேர்ந்தவை. பயிற்சியாளர் வாயால் திருத்திக்கொண்டே போனார். அவற்றை நீக்கிவிட்டு வந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் காலையில் சட்டம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பதையும், ஒப்புதலின்றி ஒருவரது எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதையும் அது தடை செய்கிறது. பேச வந்த வழக்கறிஞர் பிரிவு பிரிவாக வாசித்ததில் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். ஊழியர்களுக்குக் கையுறை, பயிற்சி, ஊசிக் குத்துக்குப் பிந்தைய மருந்து ஆகியவற்றை அளித்துப் பாதுகாப்பான பணியிடத்தை உறுதிசெய்வது நிறுவனத்தின் கடமை என்று அதே சட்டம் சொல்வதை அவர் போகிற போக்கில் குறிப்பிட்டார். உண்மையில் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நோயாளியின் உரிமையும் செவிலியரின் உரிமையும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால் கேட்பவர்களின் காது தானாகத் திறக்கும்.

‘இது எப்படி வந்தது’ என்று பெண்ணிடம் கேட்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது 2018 டிசம்பரில் வெளிவந்த சாத்தூர் நிகழ்வை நினைவூட்டினார்கள். அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாகவே ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று வந்தது. அதற்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நம்மில் யாருக்கு வாய் வரும்?

நிகழ்ச்சி நிரலில் செய்த பெரிய பிழை, எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு தாயின் பேச்சைக் கடைசியில் வைத்தது. தன் முதல் பிரசவத்தின்போது தையல் போட யாரும் வராமல் விடியும்வரை கட்டிலில் கிடந்ததை அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், வெளியூர்க்காரர்கள் கடைசிப் பேருந்துக்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். சென்னையில் 1998இல் தொடங்கப்பட்ட பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் போன்று, எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் அமைப்புகள் இருக்கும் மாநிலம் இது. பேச ஆள் கிடைப்பது கடினமல்ல. அத்தகைய ஒருவரை முதல் நாள் காலையிலேயே பேச வைத்து, ஒத்திகைக் காட்சிகளை உருவாக்குவதிலும் அவரைச் சேர்த்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, வந்திருந்தவர்கள் எல்லாரும் செவிலியர்கள் என்பது. மேல் சிகிச்சைச் சீட்டில் கையெழுத்துப் போடும் மருத்துவரும், பட்டியலில் கடைசியாகப் போடச் சொல்லும் மயக்க மருந்து நிபுணரும் அழைக்கப்படவில்லை. தூய்மைப் பணியாளர்களில் ஒருவர்கூட இல்லை. நஞ்சுக்கொடி இருக்கும் மஞ்சள் பையைத் தூக்குவது அவர்கள்தான். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கனத்த கையுறையைப் பலர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அது இல்லாத குறைக்கு ஈடாக, “அந்தப் பையைப் பாத்துத் தூக்கு” என்று நாங்கள் ஒரு குரல் கொடுக்கிறோம். அடுத்த பத்து நிமிடத்தில் கேன்டீன்வரை விஷயம் போய்விடுகிறது. பாதுகாப்புப் பொருள் இல்லாத இடத்தில் இரகசியமும் நிற்காது என்பதை நடத்தியவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்த எழுத்துத் தேர்வில் எல்லாருடைய மதிப்பெண்ணும் கூடியது. கொசுக்கடி பற்றிய கேள்விக்கு நாங்கள் முன்பே சரியான விடையை அறிந்தவர்கள்தாம். சிவப்பு மையில் குறி போட்டவர்களும் நாங்களேதாம். தேர்வுக்குப் பதிலாகச் சில மாதம் கழித்து வார்டுக்கு வந்து, கேஸ் ஷீட்டுகளில் குறி இருக்கிறதா, மருத்துவக் காரணம் எழுதாத பரிந்துரைச் சீட்டுகள் குறைந்தனவா, தையலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று பார்த்தால் பயிற்சியின் பலன் தெரிந்துவிடும். எங்களிடம் அப்படி யாரும் வரவில்லை. எங்கள் வார்டில் சிவப்புக் குறி போடுவது நின்றுவிட்டது, கடைசிக் கட்டில் வழக்கமும் பெரும்பாலும் போய்விட்டது. பரிந்துரைச் சீட்டு மட்டும் அப்படியே தொடர்கிறது.

அழைக்க விரும்பும் மருத்துவமனைகளுக்கு என் யோசனை: விடுதி அரங்கில் வேண்டாம், உங்கள் பிரசவ அறையிலேயே, இரவுப் பணியில் இருக்கும் குழுவை முழுதாக வைத்து, ஒத்திகைப் பகுதியை மட்டும் ஒரே நாளில் நடத்தித் தரும்படி கேளுங்கள். ஊசிக் குத்துக்கான தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும் என்பது எல்லாப் பயிற்சியிலும் சொல்லப்படுகிறது. அந்த மருந்துப் பெட்டி உங்கள் மருத்துவமனையில் எந்த அலமாரியில் இருக்கிறது, இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்பதைப் பயிற்சியாளர் வருவதற்கு முன்பே விசாரித்து, பிரசவ அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.